ஆரம்பாக்கத்துக்கு அடிக்கடி ரயில்

மூன்றாவது நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் தனசேகர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சின்னமேட்டுக்குப்பத்தில் மாமனார் ஆதிகேசவன் வீட்டுக் கூடம். வாசலுக்கு அப்பால் பழவேற்காடு ஏரி வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தனசேகரின் இலையைச் சுற்றி நண்டு ஓடுகள் குவிந்திருந்தன.

"ஏன் மாப்ள, கும்மிடிப்பூண்டி வரைக்கும் ரயிலு சும்மா வந்துக்கினே கீது. நம்ம ஆரம்பாக்கத்துக்கு மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுதான். இது யாரு போட்ட கணக்கு?" என்றார் ஆதிகேசவன்.

"தெரியாது மாமா" என்று சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் தனசேகர் அப்படிச் சொல்லக்கூடிய பிறவியா? சென்னையில் நகர ரயில் சேவை ஆணையத்தில் அவனுக்கு வேலை. எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் வரவேண்டும் என்று தரநிலை எழுதுகிற வேலை. அந்த வேலையைப் பற்றி யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான். யாரும் கேட்காவிட்டால் இரண்டு மணி நேரம் பேசுவான்.

"நான் போடுற கணக்குதான் மாமா" என்றான் பெருமையாக.

சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். தான் பேசும்போது இவர்கள் கண்ணை மூடிக்கொள்வதைத் தனசேகர் எப்போதோ கவனித்திருந்தான். ஆழ்ந்து கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வது ஏரிக்காரர்களின் வழக்கம் என்று அவனாக ஒரு முடிவுக்கும் வந்திருந்தான்.

"புதுசா ஒரு தரநிலை எழுதிட்டிருக்கேன். காலையில வேலைக்குப் போற ரயில்ல ஒரு ஸ்டேஷன்ல முந்நூறு பேர் ஏறினா, அந்த ஸ்டேஷனுக்கு நாள் முழுக்க அரை மணிக்கு ஒரு ரயில் விடணும். ஏறலைன்னா பழையபடிதான்."

"நம்ம ஊர்ல எத்தினி பேரு ஏறுறாங்க?"

"நூறைத் தாண்டாது. வர்ற புதன்கிழமை எண்ண வர்றாங்க. எண்ணிட்டுக் கையை உதறிட்டுப் போயிடுவாங்க. நீங்க ஒண்ணும் ஆசைப்படாதீங்க மாமா."

"முந்நூறு பேருதானா?" என்றார் ஆதிகேசவன் மெதுவாக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் கண்ணப்பனைப் பார்த்தார். கண்ணப்பன், அடுப்படி வாசலில் நின்ற மாமியார் கஸ்தூரியம்மாளைப் பார்த்தார். வாசலில் ஷேர் ஆட்டோவோடு காத்திருந்த வேணுகூட எட்டிப் பார்த்தான். நாலாவது நண்டை எடுத்துக்கொண்டிருந்ததால் தனசேகர் எதையும் பார்க்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஏனென்றால் ஆரம்பாக்கத்துக்கு அடிக்கடி ரயில் வருவது தனசேகருக்கு அறவே ஆகாத விஷயம். கல்யாணமான புதிதில் வாராவாரம் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று வளர்மதி அடம்பிடித்தாள். "ரயிலே இல்லாத ஊருக்கு வாராவாரம் எப்படிம்மா போறது?" என்று பேசிப் பேசித்தான் அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்திருந்தான். மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவன் உயிர் இருந்தது. காலை பத்து மணிவரை போர்வைக்குள் கிடப்பான். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர்களோடு கேரம் ஆடுவான். அரை மணிக்கு ஒரு ரயில் வந்துவிட்டால் அதற்கெல்லாம் முழுக்குப் போட வேண்டியதுதான். காதுகுத்து, மஞ்சள்நீர், வலைக்குப் பூசை என்று எதற்கெடுத்தாலும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவ்வளவு பாசம் அவர்களுக்கு. அதில் தனசேகருக்குச் சந்தேகமே கிடையாது.

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலையைக் கொண்டுபோனால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பழகிப்போய், தண்ணீர் லாரி வந்தால் முதல் குடம் யாருக்கு என்பது வரை தகராறு வரக்கூடிய எதற்கும் பாடு வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளை தனசேகருக்கு மத்தியானச் சாப்பாடு யார் வீட்டில் என்பதற்கும் சொந்தக்காரர்கள் பாடு வைத்திருந்தார்கள். அந்த வாரம் மாமனார் வீட்டுக்கே விழுந்திருந்தது.

"எனக்குச் சோறு போட ஒரு ஊரே சீட்டுக் குலுக்குது சார்" என்று ஆபீசில் மேலதிகாரி கங்காதரனிடம் தனசேகர் அடிக்கடி சொல்வான். மாமனார் வீட்டில் ஒரு வாய்க் காபிகூட உருப்படியாகக் கிடைக்காத கங்காதரன் பெருமூச்சு விடுவார்.

பாவம், சின்ன மாமனார் தேசப்பனுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. அவர் வேணுவின் அப்பா. காட்டுப்பள்ளியில் துறைமுகமே வேண்டாம் என்று முன்வரிசையில் நின்று கோஷம் போட்ட மனிதர். அவர் என்ன நினைத்தாரோ, போன மாதத்திலிருந்து அந்தத் துறைமுகத்துப் பக்கமே ஒரு குடோனில் காவல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். நம்மோடு உட்கார்ந்து பேச முடியாமல் போய்விட்டதே என்று தனசேகர் அவருக்காக வருத்தப்பட்டான்.

சாயங்கால ரயிலில் திரும்பும்போது வளர்மதி பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, நெஜமாவே முந்நூறு பேரு ஏறினா போதுமா?"

"போதும். ஆனா ஏற மாட்டாங்க."

"ஏறிட்டா அரை மணிக்கு ஒண்ணா? வர்றதுக்கும் போறதுக்குமா?"

"ரெண்டுக்கும்தான். வந்த ரயிலு திரும்பிப் போய்த்தானே ஆகணும்?"

வளர்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்கு மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, நாளைக்கு ஆளு ரெடி. ஏரிக்கரைல கீற அத்தினி குப்பத்துக்கும் சொல்லியாச்சி. முந்நூறு இன்னா, ஐந்நூறே வரும்!"

தனசேகர் அவசரமாக ஒரு பொய்யை எடுத்துவிட்டான்.

"அய்யோ மாமா, நாளைக்குனு நிச்சயம் இல்ல. வெள்ளிக்கிழமையா இருக்கலாம், அடுத்த வாரமாக்கூட இருக்கலாம். எப்ப வருவாங்கனு எனக்கே தெரியாது. நீங்க ஜனங்களை அலைக்கழிக்காதீங்க."

"அப்டிங்களா?" என்றார் ஆதிகேசவன். குரல் இறங்கிவிட்டது.

பொய்யை உண்மையாக்க, அந்தக் கையோடு கங்காதரனிடம் ஓடினான். "சார், ஆரம்பாக்கத்துல எண்ணுறதை ஒரு வாரம் தள்ளிவைக்கலாமா? ஒரே நாள் எண்ணினா சரியா வராதோனு தோணுது."

கங்காதரன் யோசித்தார். "சரியாத்தான் சொல்றே. ஒரு நாள் பத்தாது. அடுத்த திங்கள்ல ஆரம்பிச்சு வாரம் முழுக்க எண்ணச் சொல்லு."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. இருந்தாலும் மீன்பிடிக்கிற ஜனம் வாரம் முழுக்கப் பிழைப்பை விட்டுவிட்டா ரயில் ஏறும் என்று தனசேகர் மனதைத் தேற்றிக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வளர்மதி சந்தோஷமாகக் காபியை நீட்டினாள்.

"நைனா போன் பண்ணாரு. பாடு வச்சிட்டாங்களாம்."

"எதுக்கு?"

"ரயிலு ஏறத்தான்! திங்கக்கெழமை ஒரு குப்பம், செவ்வாக்கெழமை ஒரு குப்பம்னு சீட்டுக் குலுக்கியாச்சி. எவன் எந்த நாள்ல வந்து எண்ணினாலும் ஆளு இருக்கும். வருசம் பூரா எண்ணினாலும் இருக்கும்னு சொல்லச் சொன்னாரு."

தனசேகருக்குக் காபி கசந்தது. ஆயிரம் வருஷமாகச் சண்டை வராமல் ஏரியைப் பங்கு போட்டுக்கொண்ட ஜனத்திடம் போய்த் தேதி தெரியாது என்று பூச்சி காட்டியிருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டான். உடனே போனை எடுத்தான்.

"மாமா, இன்னொரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். பிளாட்பாரத்துல நின்னா கணக்கில்ல. டிக்கெட் எடுத்து ஏறணும். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிட்டாலும் கணக்கில்ல. பொன்னேரி வரைக்கும் போனாத்தான் கணக்கு. பொன்னேரியில உங்களுக்கெல்லாம் என்ன வேலை? விட்டுடுங்க மாமா."

மறுமுனையில் ஆதிகேசவன் யாரிடமோ கேட்டார். கஸ்தூரியம்மாளின் குரல் தூரத்தில் கேட்டது. மாப்பிள்ளையிடம் நேராகப் பேசும் வழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை.

"மாப்ளகிட்ட சொல்லு, போறதுதான் போறோம், வெறுங்கையோட ஏன் போவணும், கூடையோட போறோம்னு சொல்லு."

திங்கட்கிழமை சின்னமேட்டுக்குப்பத்தின் பாடு. பெண்கள் இறாலும் நண்டும் மடவை மீனும் கூடைகளில் அள்ளிக்கொண்டு பொன்னேரியில் போய் இறங்கினார்கள். ஏரியிலிருந்து நேராக வந்த நண்டு, காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பொன்னேரிக்காரர்கள் விடுவார்களா? ஒன்பது மணிக்குள் கூடைகள் காலி. வழக்கமாகக் கரைக்கு வந்து எடுக்கிற வண்டிக்காரன் கொடுக்கிற விலையைப்போல ஒன்றரை மடங்கு கையில் நின்றது.

செய்தி ஏரியைச் சுற்றிப் பரவியது. செவ்வாய்க்கிழமை, பாடு விழுந்த குப்பத்தோடு பாடு விழாத குப்பத்துப் பெண்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சுற்றுவட்டத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பெண்கள்கூட ஆரம்பாக்கத்துக்கு வந்து ரயில் ஏறினார்கள். சும்மா கணக்குக் காட்ட ஏறிய கூட்டம் இரண்டே நாளில் நிஜமான கூட்டமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வளர்மதி போனைக் காதில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "மாப்ள வாய்ல சக்கரை போடணும்னு அம்மா சொல்லுது. பொன்னேரினு வழிகாட்டினதே நீங்கதானாம்."

தனசேகர் மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான்.

இனி கடைசி ஆயுதம்தான். புதன்கிழமை ஆபீசில் யாரும் பார்க்காத நேரத்தில், தரநிலை வரைவில் முந்நூறு என்று இருந்ததை அடித்து அறுநூறு என்று மாற்றினான். மனசு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் போர்வை கண்முன் வந்து நின்றது.

கங்காதரன் வரைவைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அறுநூறா? ஏன்பா திடீர்னு?"

"தரம்னா கறாரா இருக்கணும் சார். இல்லைன்னா ஆளாளுக்கு ரயில் கேப்பாங்க."

"அது சரி. ஆனா ஆரம்பாக்கத்துல எண்ணப் போன ஆளுங்க ஐந்நூறுக்கு மேலங்கிறாங்க. உன் மாமனார் ஊர்தானே அது? நூறுகூடத் தேறாதுனு நீதானே சொன்னே?" கங்காதரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு என்னமோ இடிக்குது. நாளைக்குக் காலையில நானே போய்ப் பாக்கறேன். நீயும் வா."

தனசேகரின் மூளை கடைசியாக ஒருமுறை பளிச்சிட்டது. நாளை ஒரு நாள் மட்டும் கூட்டம் வராமல் இருந்தால் போதும். எண்ணுகிற ஆட்கள் தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று கங்காதரன் முடிவு கட்டிவிடுவார். ஆபீஸ் வராந்தாவின் ஓரத்துக்குப் போய் மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, நாளைக்கு எண்ணலை. ஒருத்தரும் ஸ்டேஷனுக்கு வரவேணாம். எல்லாரும் வீட்ல நல்லா ஓய்வு எடுக்கட்டும்."

ஆதிகேசவன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புரிஞ்சிபோச்சி மாப்ள."

"என்ன புரிஞ்சுது?"

"ஆபீஸ்ல இருந்து பேசுறீங்க. பக்கத்துல ஆளு கீது. வெளிப்படையா சொல்ல முடியாது. நாளைக்குப் பெரிய ஆபீசரே வர்றாரு, அதானே? நீங்க கவலப்படாதீங்கோ. இனிமே நாங்க பாத்துக்கறோம்."

"இல்ல மாமா, நெஜமாவே..."

"உஷாரா பேசுறீங்க மாப்ள! வச்சிடுறேன்."

வியாழக்கிழமை காலை ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கிய கங்காதரனுக்குக் கால் வைக்க இடமில்லை. பாடெல்லாம் அன்றைக்கு ரத்து. ஏரிக்கரையே எழுந்து வந்திருந்தது. கூடைகள், குடங்கள், குழந்தைகள், கோயில் மேளம். கண்ணப்பன் மாலையோடு முன்னால் வந்தார். ஆதிகேசவன் அதை வாங்கிக் கங்காதரனின் கழுத்தில் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஊருக்கு ரோடு கேட்டோமா? ஆஸ்பத்திரி கேட்டோமா? ரயிலு ஒண்ணுதான் கேக்குறோம். அதுவும் எங்களுக்காக இல்ல. எங்க மாப்ளைக்காகத்தான் கேக்குறோம்." சொல்லிக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் "ஆமா சார், மாப்ளைக்காகத்தான்" என்றார்கள். ஒரு கிழவர் கும்பிடவே கும்பிட்டார்.

கங்காதரன் கண்கலங்கித் தனசேகரைப் பார்த்தார். தனசேகர் தண்டவாளத்தைப் பார்த்தான்.

அதற்குள் ரயில் வந்துவிட்டது. அப்புறம் நடந்ததைக் கங்காதரன் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். அவர் ஏறவில்லை, ஏற்றப்பட்டார். உள்ளே போனதும் கையைத் தூக்கியவரால் இறக்க முடியவில்லை. ஒரு காலை எடுத்தவருக்கு மறுபடி வைக்க இடம் கிடைக்கவில்லை. மாலை எங்கே போனதென்று தெரியவில்லை. யாரோ ஒரு அம்மாள், "நைனா, இத்த கொஞ்சம் புடிச்சிக்கோ" என்று ஒரு கூடையை அவர் நெஞ்சில் சாய்த்தாள். கூடைக்குள்ளிருந்து ஒரு நண்டு வெளியே வந்து, அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவைக் கவ்விக்கொண்டது. பொன்னேரி வரை அது விடவில்லை.

மூன்று பேருக்கு அப்பால் நசுங்கிக்கொண்டிருந்த தனசேகருக்கு முதல்முறையாக நம்பிக்கை பிறந்தது. மனிதர் இறங்கியதும் எரிமலையாக வெடிப்பார், இந்த ஊருக்கு ரயிலே கிடையாது என்று எழுதிவிடுவார் என்று நினைத்தான். நண்டுக்கு மனதுக்குள் நன்றி சொன்னான்.

பொன்னேரியில் இறங்கிய கங்காதரனின் சட்டை நனைந்திருந்தது. பாதி வியர்வை, பாதி மீன் தண்ணீர். நண்டைப் பிய்த்துக் கூடைக்காரியிடம் கொடுத்துவிட்டுத் தனசேகரின் பக்கம் திரும்பினார். எதிர்பார்த்தபடியே வெடித்தார்.

"மனுஷனாய்யா நீ? இவ்வளவு ஜனம் நசுங்கிச் சாகுது, நீ அறுநூறுனு எழுதிட்டு வர்றே! சொந்தம்னு சலுகை காட்டக்கூடாதுனு நெனச்சே, அதானே? நேர்மை வேணும், ஆனா இப்படிக் கல்நெஞ்சு கூடாது."

"சார், நான்..."

"பேசாதே. அரை மணி இல்ல. இருபது நிமிஷத்துக்கு ஒரு ரயில். நான் எழுதறேன்."

எழுதியும்விட்டார். பரீட்சார்த்தமாக உடனே தொடங்க மேலே உத்தரவும் வாங்கிவிட்டார். அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. உத்தரவு வந்த அன்று தனசேகரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"மாப்பிள்ளைக்காகனு அந்த மனுஷன் அழுதாரே, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லப்பா. இவ்வளவு பாசத்தை எங்கேயும் பார்த்ததில்ல. புது சேவை எப்படிப் போகுதுனு பார்த்து எழுத ஆரம்பாக்கத்துல ஒரு ஆள் வேணும். ரெண்டு வருஷம். உன்னைத்தான் போட்டிருக்கேன். வாடகைக்கு வீடு எதுவும் பார்க்காதே, மாமனார் வீட்லயே தங்கிக்கோ. அவங்க மனசு குளிரும்."

தனசேகர் எழுந்து வெளியே வந்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றக் கிளம்பியவனுக்கு இப்போது வாரத்தில் ஏழு நாளும் போய்விட்டது. வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஊரில் வைத்தே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

புது ரயில் ஓட ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரே பண்டிகைபோல இருந்தது. தனசேகரும் வளர்மதியும் போய் இறங்கும்போதே வாசலில் கோலம், அடுப்பில் பாயசம். ஆதிகேசவன் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"வாங்க மாப்ள, வாங்க! மஜாவா ஓடுது ரயிலு! பதினொண்ணு இருவதுக்கு ஒண்ணு கீது. பதினொண்ணு நாப்பதுக்கு ஒண்ணு கீது. அத்த வுட்டா பன்னெண்டுக்கு ஒண்ணு கீது. எப்ப வேணாலும் ஏறிக்கலாம். வேணு ஆட்டோவத் திருப்பி நிறுத்திதான் வச்சிக்கீறான்."

"மாப்ளைக்கு அடுக்குல சோறு கட்டி வச்சிட்டேன். ரயில்ல காத்தாட சாப்புடுவாரானு கேளு" என்றாள் கஸ்தூரியம்மாள் மகளிடம்.

என்ன அக்கறை! தனசேகர் நெகிழ்ந்துபோனான். கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தேசப்பன்கூடக் குடோன் வேலையை விட்டுவிட்டேன் என்று சிரித்த முகமாக வந்து உட்கார்ந்திருந்தார். சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று தனசேகருக்குத் தோன்றியது.

"மாமா, எல்லாருக்கும் ஒரு சேதி. இனிமே இங்கேயும் அங்கேயும் அலையற வேலையே இல்ல. என்னை ஆரம்பாக்கத்துக்கே மாத்திட்டாங்க. ரெண்டு வருஷம். இங்கதான் தங்கப் போறேன். தினமும் சாயங்காலம் உக்காந்து நிறையப் பேசலாம்."

அடுப்படியில் கரண்டி விழுந்தது. கண்ணப்பன் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். தேசப்பன் போனை எடுத்துக்கொண்டு அவசரமாக வெளியே போனார். குடோன் முதலாளியின் பெயரைச் சொல்லி அவர் கெஞ்சுவது வாசல்வரை கேட்டது. வளர்மதி வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஆதிகேசவனின் கண்களிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் தனசேகருக்குள் என்னவோ உடைந்தது. கேரமும் போர்வையும் அவனுக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட ஜனத்துக்கு ரயில் வராமல் தடுக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. மாமனாரின் கையைப் பிடித்து, "அழாதீங்க மாமா, நான் எங்கேயும் போக மாட்டேன்" என்றான். ஆதிகேசவன் இன்னும் அதிகமாக அழுதார்.

பெட்டி படுக்கையை எடுத்துவர அன்றே சென்னைக்குக் கிளம்பினான். வேணு ஆட்டோவை ஓட்டினான். இரண்டு பக்கமும் உப்பளக் காற்று.

"வேணு, எனக்கு அழுகையே வருதுடா" என்றான் தனசேகர். "நான் அடிக்கடி வரணும்னு ஊரே கூடையைத் தூக்கிட்டு ரயில் ஏறுச்சே! எனக்குச் சோறு போடக் குலுக்கல் போடுறீங்களே! அவ்வளவு பாசத்துக்கு நான் என்னடா செஞ்சேன்?"

வேணு ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்தினான். திரும்பிப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தலையைச் சொறிந்தான்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாமா. குலுக்கல்ல பேரு வந்துடும்னுதான் எங்க நைனா ஞாயித்துக்கெழமை குடோனுக்கே ஓடிப்போனாரு. நீங்க அடிக்கடி வரணும்னு இங்க யாரு மாமா ரயிலு கேட்டாங்க? வந்தா ஒடனே திரும்பிப் போவணும்னுல்ல கேட்டாங்க!"